ஸ்டீல் பீமில் டக்ட் ஓட்டை: புதிதாக மாடல் செய்பவர்களுக்கு

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கூடத்தில் மெசனைன் தளம் (தரைக்கும் கூரைக்கும் இடையே வரும் இடைத்தளம்) எழும்பிக்கொண்டிருந்தது. பீம்கள் ஏறிவிட்டன, டெக் ஷீட்டும் வந்து இறங்கிவிட்டது. அப்போதுதான் ஏசி டக்ட் போடுகிறவர் கையில் சாக்பீஸோடு வந்தார். தூணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பீமின் வயிற்றில் ஒரு செவ்வகம் வரைந்தார். "இவ்வளவுதான் சார், கேஸ் கட்டர் வச்சா பத்து நிமிஷம்." நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. லேப்டாப்பில் ஸ்டாட் ப்ரோ என்ற கட்டமைப்புக் கணக்கு மென்பொருளைத் திறந்தேன். அந்த பீமில் வரும் மொமென்டுக்கும் அது தாங்கும் அளவுக்கும் உள்ள விகிதம் 0.62, ஒன்றுக்குக் கீழே, அதனால் பச்சை நிறம். "போடலாம்" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, கட்டர்காரர் சிலிண்டர் எடுத்து வருவதற்குள் எங்கள் சீனியர் வந்து சேர்ந்தார். செவ்வகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையால் சாக்பீஸ் கோட்டை அழித்தார்.

அந்தப் பச்சை நிறம் ஓட்டை இல்லாத பீமுக்கானது. மென்பொருளுக்கு அந்த ஓட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாம் சொன்னால்தான் தெரியும். எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், சாப் 2000 என்று எதில் வேலை செய்தாலும் கருத்து ஒன்றுதான், மெனு மட்டும் மாறும்.

எண்களோடு பேசினால்தான் புரியும், அதனால் ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்எம்பி 450 பீம் (450 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ இந்திய பீம்), இரு முனையிலும் சுழலத் தடையில்லாமல் சாதாரணமாகத் தாங்கப்பட்டது, நீளம் 8 மீட்டர். சுமை மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், 1.5 பாதுகாப்புப் பெருக்கி சேர்த்தால் 27. இரும்பு இ250, அதாவது ச.மி.மீ.க்கு 250 நியூட்டனில் இளகும் ரகம். மேல் பிளாஞ்சை (ஐ வடிவத்தின் மேல் கிடைத் தகடு) டெக் பிடித்துக்கொள்வதால் பக்கவாட்டில் சாயாது. டக்டுக்கு வேண்டிய ஓட்டை 400 மி.மீ. நீளம், 280 மி.மீ. உயரம், பீம் உயரத்தின் சரி நடுவில்.

ஓட்டை எதைக் கெடுக்கிறது?

பீமில் வளைவு மொமென்டை (பீமை வளைக்கும் திருப்பு விசை) பெரும்பாலும் மேலும் கீழும் உள்ள பிளாஞ்சுகள்தான் சுமக்கின்றன. நடுவில் நிற்கும் வெப் தகடு ஷியரை (குறுக்காக வெட்டும் விசை) சுமக்கிறது. நம் உதாரணத்தில் பீம் உயரத்தில் 62 சதவீதத்தை வெட்டி எறிகிறோம். ஆனால் இனர்ஷியா (வளைவை எதிர்க்கும் வடிவ அளவு) எவ்வளவு குறைகிறது தெரியுமா? 30,391 செ.மீ.⁴-இல் சுமார் 1,720 மட்டும், ஆறு சதவீதம்கூட இல்லை. மொமென்ட் கொள்ளளவு 348 கிலோநியூட்டன் மீட்டரிலிருந்து 307-க்கு இறங்குகிறது. பீமில் வரும் அதிகபட்ச மொமென்ட் 216. ஷியருக்கும் பஞ்சமில்லை. முழு வெப் 555 கிலோநியூட்டன் தாங்கும்; ஓட்டைக்கு மேலும் கீழும் மிஞ்சும் இரண்டு துண்டுகள் சேர்ந்து சுமார் 210 தாங்கும். தூணிலிருந்து ஒரு மீட்டரில் வருவது வெறும் 81.

இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் தைரியம் வரும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஓட்டை உள்ள பகுதியில் பீமைத் துண்டாக்கி, அந்தத் துண்டுக்கு மட்டும் குறைந்த இனர்ஷியா கொடுத்து மாடல் ஓட்டுவார்கள். தொய்வு கொஞ்சம் கூடும், எல்லாம் பச்சையாகவே இருக்கும். அந்த மாடல் தொய்வைப் பார்க்க மட்டும் உதவும், வலிமையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஏன் என்றால், ஓட்டைக்கு மேலே ஒரு டீ வடிவத் துண்டும் கீழே தலைகீழான ஒரு டீயும் மட்டும்தான் மிஞ்சுகின்றன. ஷியர் ஓட்டையைத் தாண்டி மறுபுறம் போக வேண்டுமானால் இந்த இரண்டு டீக்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு மூங்கில் ஏணியைப் படுக்கையாக நீட்டி, ஒரு நீளக் கம்பு மேலும் மற்றது கீழுமாக வரும்படி விளிம்பில் நிறுத்தி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே அழுத்திப் பாருங்கள். ஏணியில் சாய்வுக் கட்டை கிடையாது. எனவே இரண்டு படிகளுக்கு இடையே உள்ள நீளக் கம்புகள் எஸ் போல வளையும். சாய்வுக் கம்பி இல்லாத இப்படிப்பட்ட சட்டங்களை முன்வைத்தவர் பெல்ஜியப் பொறியாளர் ஆர்தர் வியரன்டீல். அதனால் இந்த உள்ளூர் வளைவுக்கு வியரன்டீல் வளைவு என்றே பெயர். ஒவ்வொரு டீயின் முனையிலும் வரும் மொமென்ட், அந்த டீ சுமக்கும் ஷியரை ஓட்டை நீளத்தின் பாதியால் பெருக்கினால் கிடைப்பது. ஷியர் கூடினாலும் மொமென்ட் கூடும், ஓட்டை நீண்டாலும் கூடும்.

மென்பொருளைத் திறக்கும் முன்

முதலில் டக்ட்காரரோடு பேசுங்கள். அவர் சொல்லும் அளவு தகரத்தின் அளவா, மேலே சுற்றும் இன்சுலேஷனும் சேர்ந்ததா என்று கேளுங்கள். நம் கடலோர ஈரப்பதத்தில் இன்சுலேஷன் இல்லாத டக்ட் வியர்த்துக் கொட்டும். எனவே அது கட்டாயம் வரும், அதற்கும் இடம் வேண்டும். வட்டக் குழாய் போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அதே உயரத்துக்கு வட்ட ஓட்டை எவ்வளவோ மேல். வியரன்டீல் கணக்கில் அதை விட்டத்தின் 0.45 மடங்கு நீளமும் 0.9 மடங்கு உயரமும் உள்ள செவ்வகமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவு வரம்புகள். நம் எஃகுக் கட்டுமான விதிநூலான ஐஎஸ் 800:2007-இல் பெரிய வெப் ஓட்டைக்கென்று விரிவான வழிமுறை இல்லை. அதனால் இங்குள்ள அலுவலகங்களில் அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் டிசைன் கைடு 2, அல்லது பிரிட்டனின் எஃகுக் கட்டுமான நிறுவனமான எஸ்சிஐ வெளியிட்ட பி355 ஆகிய இரண்டில் ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். டிசைன் கைடு 2-இன்படி ஓட்டை உயரம் பீம் உயரத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மிஞ்சும் டீ ஒவ்வொன்றும் 15 சதவீதமாவது இருக்க வேண்டும். நமக்கு 62, 19. சரி. ஓட்டை நீளத்தை உயரத்தால் வகுத்து, அதோடு ஓட்டை உயரத்துக்கும் பீம் உயரத்துக்கும் உள்ள விகிதத்தின் ஆறு மடங்கைக் கூட்டினால் 5.6-க்குள் வர வேண்டும். நமக்கு 1.43-உம் 3.73-உம் சேர்ந்து 5.16. இதுவும் சரி. ஓட்டையின் விளிம்புக்கும் தாங்கு முனைக்கும் இடையே பீம் உயரம் அளவாவது தூரம் வேண்டும். செகண்டரி பீம் வந்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழே ஓட்டை வேண்டவே வேண்டாம்.

கவனியுங்கள், சாக்பீஸ்காரரின் ஒரு மீட்டர் ஓட்டை இந்த வரம்புகள் எல்லாவற்றுக்குள்ளும் அடங்கிவிடும். விளிம்பு 800 மி.மீ. தள்ளி இருக்கிறது, வேண்டியது 450. வரம்புக்குள் வந்தால் கணக்கு போடத் தகுதி வந்தது என்று மட்டுமே அர்த்தம்.

கைக்கணக்கு: ஒரு தாள் போதும்

டீயின் உயரம் 85 மி.மீ. பிளாஞ்ச் 150 × 17.4, கீழே தொங்கும் கால் 67.6 × 9.4. பரப்பு 3,245 ச.மி.மீ., மையம் மேல் விளிம்பிலிருந்து 17 மி.மீ. கீழே. இரண்டு டீ மையங்களுக்கும் இடையே 416 மி.மீ. பாதுகாப்புக் காரணி 1.10-ஆல் வகுத்த பிறகு ஒரு டீ நெடுக்குவிசையில் 738 கிலோநியூட்டன் தாங்கும், தனி வளைவில் 8.56 கிலோநியூட்டன் மீட்டர் தாங்கும். இது பிளாஸ்டிக் கொள்ளளவு, அதாவது வெட்டுமுகம் முழுவதும் இளகும்போது கிடைப்பது. டீயின் மொத்த உயரத்தைக் கால் தடிமனால் வகுத்தால் 9.04. ஐஎஸ் 800 அட்டவணை 2-இல் டீ காலுக்கான காம்பாக்ட் வரம்பு (அதற்கு முன்பே கால் நெளிந்துவிடாத வரம்பு) 9.4 என்பதால் இப்படி எடுத்தோம். கால் இன்னும் நீண்டு மெலிந்திருந்தால் இந்த எண்ணை எடுக்கக் கூடாது.

பீம் மொமென்டை 0.416-ஆல் வகுத்தால் டீயின் நெடுக்குவிசை கிடைக்கும். அந்த விசை டீயின் வளைவுக் கொள்ளளவைத் தின்றுவிடும். எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு எஸ்சிஐ பி355 பயன்படுத்தும் விதி எளிது: விசை விகிதத்தின் (நெடுக்குவிசை ÷ 738) வர்க்கத்தை 1-இலிருந்து கழித்து, 8.56-ஆல் பெருக்குங்கள். இன்னொன்று, மேல் டீயின் தலையிலேயே மீட்டருக்கு 27 கிலோநியூட்டன் சுமையும் உட்கார்ந்திருக்கிறது. அது 0.36 மொமென்ட் கூட்டும்.

இப்போது ஓட்டையை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம். 1 மீட்டரில் ஷியர் 81, மொமென்ட் 94.5, டீயின் நெடுக்குவிசை 227. மிஞ்சும் கொள்ளளவு 7.75. ஷியரில் பாதியை ஓட்டை நீளத்தின் பாதியான 0.2-ஆல் பெருக்கி, 0.36-ஐக் கூட்டினால் தேவை 8.46. தோல்வி! 2 மீட்டரில் ஷியர் 54, மொமென்ட் 162, நெடுக்குவிசை 389. மிஞ்சுவது 6.18, தேவை 5.76. தப்பித்தது. 3.2 மீட்டரில் ஷியர் 21.6, மொமென்ட் 207, நெடுக்குவிசை 498. மிஞ்சுவது 4.65, தேவை 2.52 மட்டும்.

பீம் அதிகமாக வளையும் நடுப்பகுதியை நோக்கிப் போகப் போக ஓட்டைக்கு நல்லது. சமமாகப் பரவிய சுமைக்கு இது பொருந்தும். கான்டிலீவரிலும் (ஒரு முனையில் மட்டும் பிடித்த பீம்) தொடர் பீமிலும் ஷியர் எங்கே குறைகிறது என்று படம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாய்வில்லா ஏணியாக மாடல் செய்வது

இதைத்தான் நான் புதியவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பேன். எட்டு நோட் (புள்ளி), எட்டு மெம்பர் (புள்ளிகளை இணைக்கும் கோடு), அவ்வளவுதான். ஓட்டையின் மையம் 3.2 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம்.

பீமின் மைய அச்சில் 0, 3.0, 3.4, 8.0 மீட்டரில் நான்கு நோட் போடுங்கள். 0 முதல் 3.0 வரை ஒரு மெம்பர், 3.4 முதல் 8.0 வரை ஒரு மெம்பர், இரண்டுக்கும் முழு ஐஎஸ்எம்பி 450. நடுவே எதுவும் வேண்டாம். பிறகு 3.0-உம் 3.4-உம் உள்ள நோட்களுக்கு நேர் மேலே 208 மி.மீ.யிலும் நேர் கீழே 208 மி.மீ.யிலும் புது நோட்கள். மேல் நோட்களை இணைத்தால் மேல் டீ, கீழ் நோட்களை இணைத்தால் கீழ் டீ. மைய நோட்டிலிருந்து மேலும் கீழும் போகும் நான்கு குட்டை மெம்பர்கள் விறைப்பானவை.

டீக்கான செக்‌ஷனில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டாட் ப்ரோவில் ஐஎஸ்எம்பி 450-க்கு டீ என்று தேர்ந்தெடுத்தால் பீமைச் சரிபாதியாக வெட்டிய 225 மி.மீ. டீ வரும். நமக்கு வேண்டியது 85. எனவே யூசர் டேபிள் (நாமே செக்‌ஷன் வரையறுக்கும் பட்டியல்) திறந்து அளவுகளை நாமே கொடுக்க வேண்டும். கீழ் டீ தலைகீழாக நிற்க வேண்டும், பீட்டா கோணம் (மெம்பரைத் தன் அச்சில் திருப்பும் கோணம்) 180 கொடுங்கள். பிறகு முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரண்டு பிளாஞ்சும் வெளிப்பக்கம், இரண்டு காலும் ஓட்டையைப் பார்த்து. இதைப் பார்க்காமல் ரன் கொடுத்து அரைநாள் வீணாக்கியவர்கள் எங்கள் அலுவலகத்தில் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

விறைப்பு மெம்பர்களுக்கு ஆசையாகப் பத்து லட்சம் மடங்கு இனர்ஷியா கொடுக்காதீர்கள். எண்கள் அவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தால் மென்பொருளின் சமன்பாடுகள் தடுமாறும், எச்சரிக்கை வரும், சில நேரம் எச்சரிக்கை இல்லாமலேயே குப்பை விடை வரும். பீமின் விறைப்பில் நூறு மடங்கு தாராளம். எடையை மட்டும் பூஜ்யமாக்குங்கள். சுமையில் 3.0 முதல் 3.4 வரையுள்ள பகுதி மேல் டீயின் மேல் போக வேண்டும். அதை விட்டுவிட்டால் தாங்கு முனை விசைகள் கூட்டிப் பார்க்கும்போது 10.8 கிலோநியூட்டன் குறையும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மாடல் தளத்துக்கு வெளியே பக்கவாட்டு நகர்வைத் தடுக்கவும் மறக்காதீர்கள்.

ரன் முடிந்ததும் டிசைன் பக்கம் ஓடாதீர்கள். முதலில் கீழ் டீயைப் பாருங்கள். நெடுக்குவிசை 498-ஐ ஒட்டி இழுவையில் இருக்க வேண்டும், மேல் டீயில் அதே அளவு அழுத்தம். கீழ் டீயில் ஷியர் முழு நீளத்துக்கும் 10.8, முனை மொமென்ட் 2.16, நடுவில் பூஜ்யத்துக்குப் பக்கம். மேல் டீயில் ஷியர் இடது முனையில் 16.2, வலது முனையில் 5.4. இதெல்லாம் கைக்கணக்கோடு ஒத்து வந்தால் மாடலை நம்பலாம். டீ மொமென்ட் நேர்கோடாக ஒரு குறியிலிருந்து மறு குறிக்கு மாறாமல் இருந்தால் எங்கோ ரிலீஸ் (மொமென்ட் கடத்தாத தளர்ந்த இணைப்பு) கொடுத்துவிட்டீர்கள் அல்லது நோட் ஒட்டவில்லை.

இனி டிசைன் செக். மென்பொருள் டீயை ஒரு தனி மெம்பராக எடுத்து, நெடுக்குவிசை விகிதத்தையும் மொமென்ட் விகிதத்தையும் நேராகக் கூட்டினால், 2 மீட்டர் ஓட்டைக்கு 0.53-உம் 0.67-உம் சேர்ந்து 1.20 வரும். சிவப்பு. நம் வர்க்க விதிப்படி அதே ஓட்டை தப்பித்தது. எது சரி? நேர்க்கூட்டல் கொஞ்சம் கடுமையான விதி, வர்க்க விதி டீயின் உண்மையான நடத்தைக்குக் கிட்டத்தில் போகிறது. ஆனால் புதிதாக வேலை பார்க்கிறவர், கையெழுத்துப் போட வேறொருவர் இருக்கிறார் என்றால், அந்தச் சிவப்போடு வாதாடாமல் ஓட்டையை நகர்த்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். 3.2 மீட்டரில் 0.68-உம் 0.29-உம் சேர்ந்து 0.97. இரண்டு விதியிலும் பாஸ். டக்ட் இரண்டு மீட்டர் நகர்ந்தால் ஒரு வளைவு கூடும், அவ்வளவுதான் செலவு.

நகர்த்தவே முடியாது என்றால் ஓட்டையின் மேல், கீழ் விளிம்புகளை ஒட்டிக் கிடைமட்டமாகத் தட்டைப் பட்டைகளை வெல்ட் செய்யலாம். டீயின் காலுக்கு ஒரு பாதம் கிடைத்த மாதிரி. ஓட்டையின் முனையோடு பட்டையை நிறுத்தக் கூடாது, இருபுறமும் ஓட்டை நீளத்தின் கால்பங்காவது, இங்கே 100 மி.மீ., தாண்டிப் போக வேண்டும். பட்டையின் பரப்புக்கேற்ப இன்னும் கூடுதலாகவும் தேவைப்படலாம். மாடலில் யூசர் டேபிளில் டீக்குப் பதில் சமமில்லாத ஐ செக்‌ஷன் வரும், மற்றதெல்லாம் அப்படியே.

பிளேட் மெஷ்: எப்போது, எப்படி

ஓட்டைகள் நெருக்கமாக வரிசையாக இருந்தால், உயரத்தின் நடுவில் இல்லாமல் மேலோ கீழோ தள்ளி இருந்தால், அல்லது பக்கத்தில் பெரிய புள்ளிச் சுமை இருந்தால் பிளேட் மாடலுக்கு (பீமைச் சிறுசிறு தகடு கட்டங்களாகப் பிரித்த மாடல்) போங்கள். சாதாரண ஒற்றை ஓட்டைக்கு அது ஆடம்பரம் என்பது என் கருத்து. வண்ணப்படம் அழகாக இருக்கும், வாடிக்கையாளருக்குப் பிடிக்கும், ஆனால் தவறு செய்ய ஆயிரம் இடம்.

வெப்பும் பிளாஞ்சும் அவற்றின் தடிமன் நடுவில் உள்ள தளங்களாக வரும். எனவே இரண்டு பிளாஞ்ச் தளங்களுக்கு இடையே 450 இல்லை, 432.6 மி.மீ. முதலில் ஓட்டை இல்லாமலே மாடலை ஓட்டுங்கள். பெருக்காத சுமை 18-க்குக் கைக்கணக்கு வளைவுத் தொய்வு 15.8 மி.மீ., ஷியர் தொய்வு அரை மில்லிமீட்டர் சேரும். மாடலில் 16-ஐச் சுற்றி வந்தால் மேலே போகலாம். 20 வந்தால் பிளாஞ்ச் நோட்களும் வெப் நோட்களும் ஒட்டாமல் எங்கோ விலகி நிற்கின்றன.

மெஷ் அளவு பீமின் பொது இடத்தில் 50 மி.மீ. போதும். ஓட்டையைச் சுற்றி நெருக்குங்கள். டீ காலின் 68 மி.மீ. உயரத்துக்குள் ஐந்தாறு பிளேட்டாவது அடங்க வேண்டும். தாங்கு முனையை ஒரே நோட்டில் வைக்காமல் வெப்பின் உயரம் முழுக்கப் பகிருங்கள்.

அப்புறம் மூலை. செவ்வக ஓட்டையின் கூர்மூலையில் மெஷை நெருக்க நெருக்க ஸ்ட்ரெஸ் (ஒரு ச.மி.மீ.யில் வரும் விசை) ஏறிக்கொண்டே போகும், 400, 600, 900 நியூட்டன் என்று. புதியவர் பயந்துபோய் வெப்பைத் தடிமனாக்குவார். உண்மையில் கூர்மூலைக்கு முடிவான விடையே கிடையாது. மூலையை வளைத்து மாடல் செய்தால் எண் ஓர் இடத்தில் நிற்கும். நிஜ பீமிலும் மூலை வளைவாகத்தான் இருக்க வேண்டும்: வெப் தடிமனில் இரண்டு மடங்கு அல்லது 16 மி.மீ., எது பெரிதோ அது. நமக்கு 18.8, வரைபடத்தில் 20 என்று எழுதுங்கள்.

வரைபடத்தில் போக வேண்டியவை

ஓட்டையின் மையத்தை எப்போதும் தூணின் கிரிட் கோட்டிலிருந்து (வரைபடத்தில் தூண்களின் மையக் கோடு) குறியுங்கள், பீமின் முனையிலிருந்து அல்ல. முனைத் தகடும் இடைவெளியும் மாறினால் அளவு நழுவிவிடும். மூலை ஆரம், வெட்டிய விளிம்பை அரைத்து மழமழப்பாக்குவது, வெட்டும்போது விழுந்த காயங்களை நிரப்புவது ஆகியவை குறிப்பாக வர வேண்டும். வெட்டும் வேலை பேப்ரிகேஷன் யார்டிலேயே, பெயின்ட் அடிக்கும் முன் நடக்க வேண்டும். பீம் ஏறிய பிறகு கேஸ் கட்டரால் போட்ட ஓட்டையின் விளிம்பு கடலூர் சிப்காட் பக்கமோ புதுச்சேரிக் கடற்கரைப் பக்கமோ இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்குள் செம்பழுப்பாக வழிய ஆரம்பித்துவிடும். விளிம்பில் பெயின்ட் மெலிதாகத்தான் பிடிக்கும், எனவே விளிம்புக்கு மட்டும் தூரிகையால் ஒரு கூடுதல் கோட்டிங் கேளுங்கள்.

மாடல் கோப்பில் ஓட்டை உள்ள ஒவ்வொரு பீமுக்கும் ஒரு குரூப் பெயர் வையுங்கள். பிறகு யாராவது சுமையைக் கூட்டினால், மென்பொருள் முழு பீமுக்குப் பச்சை காட்டினாலும், எந்தெந்த பீமின் டீக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்று அந்தப் பெயர் சொல்லும். சேதராப்பட்டு கோப்பில் அந்த குரூப்பில் இப்போது பதினோரு பீம்கள் இருக்கின்றன. சாக்பீஸ் செவ்வகம் வரைந்த பீமும் அதில் உண்டு, ஓட்டை மட்டும் 3.2 மீட்டரில்.